யோகட் மூடி உப்பினால்

யோகட் என்கிற இனிப்புத் தயிர் கோப்பைக்குள் உயிரோடு இருக்கிற சாமான். அதைப் போட்டு விற்கிறவர்களுக்கு நிம்மதி எங்கிருந்து வரும்? கல்முனைப் பக்கம் வீட்டோடு யோகட்டும் பால் டொபியும் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவள் நான். இதே பாடு படுகிற சகோதரிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பிரிஜ்ஜுக்கும் ஓய்வு

மருதமுனையில் ஒரு கடைக்காரர், எனக்குக் காக்கா, அதாவது அண்ணன் முறை. அவருக்குக் கொடுக்கிற யோகட் மட்டும் திகதி முடிய முன்னமே புளித்துத் திரும்பி வரும். பாலை மாற்றினேன், உறைமோரை மாற்றினேன், கோப்பையையும் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ஒருநாள் அவர் கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். கதவைத் திறந்தார், பிஸ்மி சொன்னார், நேரே போய் பிரிஜ்ஜின் பிளக்கைச் சொருகினார். உள்ளே கை வைத்தால் இளஞ்சூடு.

"காக்கா, ராவைக்கு இத ஏன் நிப்பாட்டுற?" என்று கேட்டேன்.

"ராவையில ஆரு புள்ள யோகட் வாங்க வாற?"

நிறைந்த கோப்பை

ஒலுவிலில் ஒரு கடைக்குச் சாமான் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு மாமி பிரிஜ்ஜைக் கிளறி, மூடி உப்பின என்னுடைய கோப்பைகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தா. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"மாமி, அது பழுது. ஈஸ்ட் எண்ட கிருமி உள்ள இரிந்து சீனியத் திண்டு காத்து விட்டிரிக்கி."

மாமி கோப்பையை விடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தா.

"மத்ததெல்லாம் அரைவாசி, இதுதான் நெறயப் போட்டிரிக்கி. அதால தர மனமில்ல உனக்கு!"

கழுவாத சீனி

மூடியை உப்ப வைக்கிற ஈஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பைகளை ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தேன். ஈஸ்ட் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்றார்கள். "பாலைக் காய்ச்சினால் ஈஸ்ட் செத்துவிடும். ஆறின பிறகு என்ன போடுகிறீர்கள்?" என்று அங்கிருந்த மிஸ் கேட்டா. சீனிதான். அன்றிலிருந்து சீனியைப் பாலோடு சேர்த்தே காய்ச்சுகிறேன், உப்புவது நின்றுவிட்டது. ஆனால் அன்று கோபத்தில் வீட்டுக்கு வந்து, என்னோடு வேலை செய்கிற றிபாயாவின் மேல்தான் பாய்ந்தேன். "கையக் கழுவிட்டா சீனியப் போட்ட நீ?" என்று கத்தினேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ட கைய சவுக்காரம் போட்டுக் கழுவினன் ராத்தா. சீனிய ஆரு கழுவின?"

மாவடிப்பள்ளிக் கலியாணம்

கலியாணச் சாப்பாட்டுக்கு யோகட் கேட்டிருந்தார் பெண்ணின் வாப்பா. முதல்நாளே போட்டு பிரிஜ்களில் அடுக்கினோம். இரவு முழுக்கக் கறண்ட் இல்லை. காலையில் தொட்டுப் பார்த்தால் எல்லாம் வெதுவெதுப்பு. ஒன்றைத் திறந்து ருசி பார்த்த என் வீட்டுக்காரர், "நல்லாத்தானே இரிக்கி, குடுப்பம்" என்றார்.

கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பந்தியில் பிள்ளைகள் இருக்கும், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இருப்பார்கள். ருசி நன்றாக இருப்பதால் கிருமி இல்லை என்று ஆகுமா? எல்லாவற்றையும் குழிக்குள் கொட்டிவிட்டுப் பெண்ணின் வாப்பாவுக்குப் போன் எடுத்தேன். மனிசன் ஏசின ஏச்சை இங்கே எழுத முடியாது.

கையில் இருந்தது பால் டொபி மட்டும். பாலும் சீனியும் வற்ற வற்றக் காய்ச்சி இறுக்கினது. ஈரம் குறைவானதால் கிருமி வளர வழியில்லை, பிரிஜ்ஜும் தேவையில்லை. றிபாயாவும் நானும் துண்டு துண்டாகச் சுற்றி, கொண்டுபோய்ப் பந்தியில் வைத்தோம். பெண்ணின் வாப்பா முகம் கொடுக்கவில்லை. சாப்பாடு முடிந்த பிறகு என்னைத் தேடிக்கொண்டு அடுப்படிக் குசினிப் பக்கம் வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று றிபாயா எனக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"மாப்புள ஊட்டார் இது எங்கட ஊரு வழமையா எண்டு கேட்டாங்க, ஓமெண்டு சொல்லிட்டன். இனி எளய மகள்ட கலியாணத்துக்கும் நீ இதத்தான் தரோணும்."

கிருமியை அடக்கச் சூடும் குளிரும் இருக்கிறது சகோதரிகளே, வாங்கித் தின்கிற மனிசரை அடக்கத்தான் இன்னும் ஒருவரும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.