தராசு மாமா போட்ட கோடு

கணக்கு என்றால் கூட்டல் கழித்தல்தான் என்று நினைப்பவர்களை என் அம்மாவுக்குப் பிடிக்காது. அவர்களில் முதல் ஆள் என் மாமா, அம்மாவின் சொந்த அண்ணன். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வாய் திறந்தால் நியாயம்தான் பேசுவார் என்பதால் தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் தராசு.

அப்பா எங்களை விட்டுப் போனதும் அம்மா என்னோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். முன்பக்கம் தாத்தா இருந்தார், மகன் பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டார். பின்பக்கத்தை மாமா பங்கு போட்டார். பன்னிரண்டுக்கு எட்டடி அறை அவருக்கு, முப்பத்திரண்டுக்கு மூன்றடி நடைவழி எங்களுக்கு.

"ரெண்டும் தொண்ணூத்தாறு சதுர அடி. ஒரு அடி குறைஞ்சா கேளு," என்றார்.

எண்கணிதம் சரிதான், எவ்வளவு என்று மட்டும்தான் அது கேட்கும். எப்படிக் கிடக்கிறது என்று கேட்பது வடிவியல். மூன்றடியில் இரண்டு பேர் ஒருவர் காலடியில் ஒருவர்தான் படுக்க முடியும். அம்மாவின் பாதத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். வயிறு எரிந்தது, இன்னும் எரிகிறது.

அம்மா சண்டை போடவில்லை. அந்த நடையிலேயே டியூஷன் தொடங்கினாள். பிள்ளைகள் ஒருவர் பின்னால் ஒருவராக உட்காருவார்கள். கடைசிப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது, காதால்தான் படிக்கும். இயற்கணிதத்தை அம்மா இப்படித்தான் ஆரம்பிப்பாள்: "தெரியாத ஆளுக்கு ஒரு பேர் வை. தெரிஞ்சவனா நெனச்சுப் பழகு. கடைசில அவனே யாருன்னு சொல்லிடுவான்." மாமாவோடும் அப்படித்தான் பழகினாள்.

"அண்ணன மன்னிச்சிட்டீங்களா டீச்சர்?" என்று ஒரு பிள்ளையின் தாய் கேட்டாள்.

"அதுக்கென்ன அவசரம்," என்றாள் அம்மா.

தாத்தா இறந்தார். முன்பக்கத்தையும் பங்கு போட வேண்டியதாயிற்று.

"கோட்டை நீங்களே போடுங்கண்ணே. நான் முதல்ல எடுத்துக்கறேன்," என்றாள் அம்மா. முதலில் எடுக்கும் உரிமை அடுத்தவனுக்கு என்றால் வெட்டுகிறவன் ஒழுங்காக வெட்டுவான். கணக்கில் இதுவும் ஒரு பாடம்.

மாமாவா ஒழுங்காக வெட்டுவார்? ஜன்னலோடு சதுரக் கூடம் ஒரு பங்கு. தெருவோரமாக, வாசற்கதவோடு ஒடுங்கலான ஒரு பட்டை இன்னொரு பங்கு. பரப்பு அட்சர சுத்தமாகச் சமம். பின்னால் பக்கத்துக் கிடங்கின் சுவர், வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது. "ஒருத்தர் பங்குல இன்னொருத்தர் கேக்காம கால் வைக்கக் கூடாது," என்று அவரே பத்திரத்தில் எழுதவைத்தார்.

அவர் போட்ட திட்டம் எனக்கே புரிந்தது. நடையில் நசுங்கியவள் கூடத்துக்குத்தான் விழுந்தடித்து ஓடுவாள். வாசல் அவர் கைக்கு வரும். அப்புறம் தெருவுக்குப் போக நாங்கள் அவர் தயவில் நிற்க வேண்டும். எது நடக்க வாய்ப்பு அதிகம் என்று எடைபோடுவதற்குப் பெயர் நிகழ்தகவு. அதில் அவர் கில்லாடி. அது தெரிந்தும் நானே அம்மாவின் காதில், "கூடத்தை எடும்மா, கை கால் நீட்டிப் படுக்கணும்," என்று கெஞ்சினேன்.

"தெருப்பக்கம்," என்றாள் அம்மா.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. "அது குறுகலும்மா, உனக்குத்தான் கஷ்டம்."

"பழகிப்போச்சுண்ணே."

கணக்கில் இடத்தியல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அது சட்டை செய்யாது. எது எதோடு சேர்ந்திருக்கிறது, எங்கிருந்து எங்கே போக முடியும், அவ்வளவுதான் அதற்குக் கவலை. அறையும் கூடமும் இருந்தும், தெருவுக்குப் போக மாமாவுக்கு ஒரே வழி நாங்கள்தான்.

பத்திரம் பதிவானதற்கு மறுநாள் காலை, கடை திறக்கப் புறப்பட்டவர் கூடத்துப் பக்கமிருந்து உள்கதவைத் தட்டினார். அம்மா தெருப்பக்கத்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடைக்கு நேரமாச்சும்மா, திற."

"வகுப்பு முடியட்டும்ணே."

மறுபடி தட்டினார். "நான் உன் கூடப்பொறந்தவன்டி."

அம்மா கரும்பலகையிலிருந்து திரும்பவில்லை.

கூடத்தை விட்டதற்கு அவள்மேல் எனக்கு ஆத்திரம்தான். அன்று ராத்திரியும் நீளவாக்கில்தான் படுக்க வேண்டும். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

"திறக்கவாம்மா?"

"உன் இஷ்டம்," என்றாள்.

நான் நோட்டில் அடுத்த கணக்கைப் போடத் தொடங்கினேன்.