நேற்றைய சீலா

கறிவேப்பிலையைக் கிள்ளித் தோசைக்கல் எண்ணெயில் போட்டு, அது துள்ளுகிறதா என்று குனிந்து பார்க்கிறார் மனுவேல். துள்ளத்தான் செய்கிறது. இருந்தும் மீனைப் போடவில்லை, இன்னொரு இலை. முத்துநகர் கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை மாலை. அவருடைய மீன் கடை முன்னால் பசியோடு நிற்பவர்களில் நானும் ஒருவன்.

சீலா மீன் துண்டை ஒரே ஒரு முறைதான் திருப்புவார். யாராவது சாஸ் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. பிள்ளைகளுக்காக மனைவி அனுஜா சரமாகத் தொங்கவிட்டிருக்கும் சிப்ஸ் பாக்கெட்டுகள் தலையில் இடிக்கும்போதெல்லாம் அவற்றை முறைப்பார். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் வாய்.

இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலுக்குப் போகாது, பூசை நாள். வெளியூர்க்காரர்கள் மீன் தின்ன வருவதும் அன்றைக்குத்தான். ஆகவே எல்லாக் கடையிலும் ஐஸில் கிடந்த சனிக்கிழமை மீன்தான். பக்கத்துக் கடை எஸ்றாவும் இவரும் ஒரே ஏலத்தில் எடுத்தவர்கள். ஃப்ரெஷ்ஷா என்று கேட்டால் எஸ்றா சிரித்துக்கொண்டே கடலைக் கை காட்டுவார். மனுவேலோ கரண்டியால் கல்லை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "நேத்து மீனு" என்பார். ஐஸில் வைத்தால் கெடாது என்றாவது ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாதா? மாட்டார். கூட்டம் எஸ்றாவிடம் போய்விடும்.

இன்றைக்கும் இரண்டு குடும்பம் போயாயிற்று. அனுஜா குரலை உயர்த்தவில்லை.

"எஸ்றா பொய்யா சொல்லுதான்? கையத்தான காட்டுதான்? இன்னைக்கும் மீன் மிஞ்சுச்சுன்னா நாளைக்கு நான் எறால் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருவேன். நீரு தனியா நின்னு உண்மையப் பொரிச்சுக்கிடும்."

"ஏளா, காலைப் பூசைல சாமியார் கையால நன்மை வாங்குன வாய்ளா இது."

"அப்ப மூடி வையும்."

தனியாக நின்றால் கடை ஒரு வாரம் தாங்காது. அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு கறிவேப்பிலைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

சாத்தான்குளத்திலிருந்து வேனில் ஒரு பெருங்கூட்டம் வந்து இறங்கியது. முன்னால் வந்தவர் கேட்டார்: "அண்ணாச்சி, மீன் ஃப்ரெஷ்தான?"

மனுவேல் கல்லைத் தட்டினார். இரண்டாவது தட்டு விழுவதற்குள் அனுஜா வெந்த துண்டொன்றை எடுத்து அவர் வாயில் திணித்துவிட்டு, "உக்காருங்க அண்ணாச்சி, ருசி பாக்காரு" என்றார்.

நாற்காலிகள் இழுபட்டன. சூட்டில் மனுவேலுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துப்பவும் முடியாமல் மென்றுகொண்டே, கேட்டவரின் முகத்தைப் பார்த்தபடி, கட்டைவிரலைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் நேற்றைக் காட்டினார்.