இரண்டு பாணி மருந்தும் நான் சொன்ன ஒரு பொய்யும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். மகளுக்கு ஐந்து வயது. கடைவாயில் நான்கு சூத்தைப் பல். ஆஸ்பத்திரிக் கதிரையில் இருத்தினாலே கட்டடம் அதிரக் கத்துவாள். அரைத் தூக்கம் வரப் பண்ணும் பாணி மருந்து, சிரப், கொடுத்து, ஒருமுறைக்கு இரண்டு பல்லாகப் பிடுங்கலாம் என்றார் பல் டொக்டர். அவர்களிடம் இரண்டு வகைப் பாணி இருந்தது. முதல்முறை ஒன்று, அடுத்தமுறை மற்றது. எது பிள்ளைகளுக்குத் தோதென்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்களாம். சம்மதம் கேட்டு, கையெழுத்து வைக்க ஒரு போம் தந்தார்கள்.

“என்ர பிள்ளையை வச்சோ பரீட்சை பாக்கினம்?” என்று மனைவியிடம் பாய்ந்தேன்.

“ரெண்டும் வழமையாக் குடுக்கிற மருந்துதானாம். பல்லுக்கொதியில பிள்ளை சாப்பிடுறாளில்லை. சைன் வையுங்கோ.”

வைத்தேன். முதல் தவணைக்குப் போனால், மகளுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தவணையில் மருந்தை நேர்ஸின் சட்டையிலேயே துப்பினாள். ஒவ்வொரு தரமும் நான் வேலை செய்த சூப்பர்மார்க்கெட்டில் லீவுக்குக் கெஞ்ச வேண்டும். மனேஜரின் முகத்தைப் பார்க்கவே வெறுத்துப்போனது.

மூன்றாம் முறை நான் மட்டும் கூட்டிப்போனேன். மருந்துக்கு முன் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்றிருந்தார்கள், பிள்ளை காலையிலிருந்து வெறுவயிறு. பஸ்ஸில் பசி, பசி என்று ஒரே அழுகை. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பொறுக்க ஏலாமல் பையிலிருந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

ஏதும் சாப்பிட்டாளா என்று நேர்ஸ் கேட்டார். ஓம் என்றால் இன்னும் ஒரு மாதம் இழுபடும். இல்லை என்றேன். சின்னக் கப்பில் மருந்து வந்தது. வாயருகே கொண்டு போகும்போது மகள் பளிச்சென்று இங்கிலீஷில் சொன்னாள், அப்பா வாழைப்பழம் தந்தவர் என்று.

கப் திரும்பிப் போனது. நேர்ஸ் கோபப்படவில்லை. மயக்கத்தில் சத்தி எடுத்தால் வயிற்றில் இருக்கிற சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று நிதானமாகச் சொன்னார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. வெளியே வந்ததும் மகளில்தான் எரிந்து விழுந்தேன்.

“ஆர் உன்னைக் கேட்டது? வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாதோ?”

அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

நான்காம் முறை மனைவியும் வந்தாள். பச்சைத் தண்ணிகூடக் கொடுக்கவில்லை. மருந்து ஏறி, பிள்ளைக்குக் கண் சொருகி, முதல் பல் பிடுங்கின கையோடு ஓங்காளம் வந்தது. நேர்ஸ் ஒரே பிடியில் அவளைச் சரித்துப் பிடித்தார். கொஞ்சம் மஞ்சள் தண்ணிதான் வெளியே வந்தது. போன முறை அவள் வயிற்றில் இருந்த வாழைப்பழம்தான் எனக்கு நினைவு வந்தது.

மிச்சப் பல்லும் பிறகு மற்றப் பாணியோடு போனது. இரண்டில் எது நல்லதென்று கண்டுபிடித்தார்களோ தெரியாது, நான் கேட்கவுமில்லை. மகள் வளர்ந்து இப்போது தன்பாட்டில் இருக்கிறாள். தன் உயிரைத் தானே காத்துக்கொண்ட அந்த ஒரு சொல்லுக்காக நடுத்தெருவில் வைத்து அவளை ஏசியதற்கு, நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.