துறைமுகத்துக்குக் கிளம்பாத கார்

மொரீஷியசுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். நாங்கள் குட்லண்ட்ஸில் குடியிருந்தோம். நான் சந்தை சந்தையாகப் போய்த் துணி விற்றுக்கொண்டிருந்தேன். மூட்டை ஏற்றுவதற்கென்று ஒரு பழைய இங்கிலீஷ் கார் வைத்திருந்தேன். எனக்கு முன்னால் பல பேர் ஓட்டித் தேய்த்துவிட்ட வண்டி. மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனாலும் எங்கள் தெருவில் இருந்த ஒரே கார் அதுதான், அதனால் அம்மாவுக்கு அதில் ரொம்பப் பெருமை.

என் ஒரே தம்பி நர்ஸ் வேலை படிக்க இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். இங்கே வேலை கிடைக்காமல் அலைந்து அலைந்து வெறுத்துப் போனவன். அப்போதெல்லாம் தெருவுக்கு ஒரு வீடாவது பிள்ளையை அனுப்பிக்கொண்டிருந்தது. போனவன் சீக்கிரத்தில் திரும்ப மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சாமான் சோதனை, காகிதச் சோதனை என்று இருந்ததால் அவன் முந்தின நாளே போர்ட் லூயிஸ் போய், அங்கே டிராங்கெபார் என்கிற பகுதியில் ஒரு சிநேகிதன் வீட்டில் தங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் அம்மாவைத் துறைமுகத்துக்குக் கூட்டி வருவது என் பொறுப்பு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மா அவனுக்குத் திருநீறு கூடப் பூசவில்லை. "இப்பவே அழுது அனுப்ப மாட்டேன். நாளைக்குக் கப்பலடியில பூசுறேன், போ" என்று விரட்டினாள். அவனும் சிரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் விடிந்ததுமே அம்மா காருக்குப் பூசையை ஆரம்பித்துவிட்டாள். தூரப் பயணம் என்றால் எங்கள் வீடுகளில் இது வழக்கம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் கற்பூரம், வண்டி மேல் மஞ்சள் தண்ணீர். அன்று அவளுக்கு அது போதவில்லை.

"எல்லாரும் வெளிய வெளிய ஊத்துறாங்க. லோத்தோவோட உசிரு உள்ளதானே இருக்கு? அந்த மூடியத் தொற" என்றாள். லோத்தோ என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் கார். நானும் பானெட்டைத் திறந்துவிட்டுச் சட்டை மாற்ற உள்ளே போனேன். திரும்பி வரும்போது அவள் காலிச் செம்போடு நின்றாள், முகத்தில் அவ்வளவு திருப்தி. நான் மூடியைச் சாத்தினேன்.

அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்தது. கண்டக்டர் தெரிந்தவன். ஏறுகிறீர்களா என்று கையால் கேட்டான். அம்மா மகாராணி மாதிரிக் கையை ஆட்டி, "எம்மவன் லோத்தோ இருக்கு, நீ போப்பா" என்றாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் துறைமுகம் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்தேன். மடியில் மிளகாய் வடைப் பொட்டலம், கைக்குள் திருநீற்று டப்பா. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் நன்றாகத்தான் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன், மறுபடி. உர்ர் உர்ர் என்று சுற்றுகிறது, ஒரு இருமல் கூட இல்லை.

பேட்டரி சரியாக இருக்கிறது, அப்படியானால் பெட்ரோல்தான் என்று முடிவு கட்டினேன். முந்தின நாள் அவசரத்துக்கு ஒரு பழைய டின்னிலிருந்து ஊற்றியிருந்தேன், அதில் அழுக்கு இருந்திருக்கும் என்று நினைப்பு. பைப்பைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கிறது. அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. கார்பரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்து மாட்டினேன். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். திருகாணி ஒன்று கீழே விழுந்து, அதைத் தேடி மண்ணில் தவழ்ந்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது.

"அம்மா, கொஞ்சம் இறங்கி நிழல்ல உக்காரு" என்றேன்.

"கற்பூரம் காட்டி ஏறியாச்சு. இனி இறங்கினா சகுனத் தடை. நீ வேலையைப் பாரு" என்றாள். வேர்வை வழிய அந்தத் தகரப் பெட்டிக்குள்ளேயே இருந்தாள். முருகா முருகா என்று முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சக்கரத்தை ஓங்கி ஒரு உதை விட்டேன், என் கால்தான் வலித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வந்தார். மாதா கோயிலுக்குப் போகிறவர், எங்களுக்கெல்லாம் மாமா முறை. ஒரு பிளக்கைக் கழற்றினோம், பெட்ரோலில் நனைந்திருந்தது. வயரில் மாட்டி இஞ்சின் மேல் வைத்து மாமாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் கிராங்க் கம்பியைப் போட்டுச் சுற்றினேன்.

"நெருப்பு வருதா மாமா?"

"நார்யென். ஒண்ணுமே இல்ல."

பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற காயில் போயிருக்கும் என்று நினைத்தேன், ஏற்கெனவே ஒருமுறை தொந்தரவு கொடுத்த காயில் அது. மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் வண்டி பழுதாகிக் கிடந்த ஒரு டாக்சிக்காரரிடம் வேறு காயில் இரவல் கேட்கப் போனார். அவர் வரும்வரை நான் குட்டி போட்ட பூனை மாதிரிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போது அம்மா தலையை வெளியே நீட்டி மெதுவாகக் கேட்டாள்.

"ஏப்பா, இன்னும் கொஞ்சம் மஞ்சத் தண்ணி கொண்டாந்து ஊத்தட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

வேறு காயில் வந்தது. மாட்டினோம். பிளக்கில் நெருப்பு இல்லை. கடைசியில்தான் மாமா காயிலிலிருந்து வரும் பெரிய வயரைப் பிடுங்கி, இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றச் சொன்னார். பளிச் பளிச்சென்று நீலமாக அடித்தது. இதுவரை வருகிறது, இதற்கு அப்புறம் போகவில்லை. அப்படியானால் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, நெருப்பை நாலு பிளக்குக்கும் பங்கு போடுகிற டிஸ்ட்ரிபியூட்டர். அதன் கறுப்பு மூடியைத் திறந்தேன்.

உள்ளே மஞ்சள் தண்ணீர் நின்றது. கீழே வண்டலாக மஞ்சள் தூள்.

நானும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார். பாசத்தோடு ஊற்றிய தண்ணீர் என்று இஞ்சினுக்குத் தெரியவா போகிறது? திறந்திருந்த பானெட் அம்மாவுக்கு எங்களை மறைத்திருந்தது. சுத்தமாகத் துடைத்து, மாமா வீட்டு அடுப்புச் சூட்டில் காட்டி, மாட்டினேன். அரைச் சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா, முருகன் கைவிடல" என்றாள் அம்மா. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பேய் துரத்துகிற மாதிரி ஓட்டினேன். வழியெல்லாம் கரும்பு லாரிகள். துறைமுகத்தில் ஓடிப் போய் நின்றபோது, ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப் போன படகு காலியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வழியனுப்ப வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். தூரத்தில் கப்பலின் மேல்தட்டில் எறும்பெறும்பாக மனிதர்கள்.

"எதுடா அவன்?" என்றாள் அம்மா.

எனக்கும் தெரியவில்லை. யாரோ ஒரு வெள்ளைச் சட்டையைக் காட்டினேன். அவள் அந்த வெள்ளைச் சட்டைக்குக் கப்பல் நகர்ந்து மறையும்வரை கையை ஆட்டினாள். அப்புறம் திருநீற்று டப்பாவைத் திறந்து, கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் இருந்த பக்கமாக ஊதினாள். அப்போதுதான் அழுதாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும் வழியில், "காருக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டாள்.

"பழைய வண்டிம்மா. ஒரு வயரு விட்டுப் போச்சு."

தம்பிக்கும் அதையேதான் எழுதினேன். அவன் கோபம் தீரவில்லை. கடைசி ஆளாக நின்று, அதிகாரி பிடித்துத் தள்ளிய பிறகுதான் படகில் ஏறினானாம். அம்மாவை ஏற்றிப் போகிற நாளில் கூட வண்டியை முன்னாடியே பார்த்து வைக்கத் தெரியாதா உனக்கு என்று எழுதியிருந்தான். என் கடிதங்களை அம்மாவும் படிக்கச் சொல்லிக் கேட்பாள், அதனால் நான் பதில் சொல்லவில்லை. ஊரிலோ அவள், மஞ்சள் தண்ணீர் ஊற்றியதால்தான் வண்டி கடைசியிலாவது கிளம்பியது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமா அதைக் கேட்டுத் தலையாட்டுவார்.

அவன் வருவதற்குள் அம்மா போய்விட்டாள். காரியத்துக்கு வந்தவன் என்னோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று ராத்திரி சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. அவள் படத்துக்கு முன்னால் அவன் அப்படித் தேம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். கோளாறு எங்கே என்று கடைசிவரை தேடிக் கண்டுபிடிப்பது காருக்குத்தான் ஆகும், வீட்டுக்கு ஆகாது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அதற்கு விலையாக என் தம்பியை நான் இழந்துவிட்டேன், அது சரியான கணக்குத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.