நண்டுக் கொடுக்கும் ஈயச் சொம்பும்

மூன்று மாதம் முன்பு, அத்திம்பேரின் வலது மணிக்கட்டு திடீரென்று தொங்கிப்போயிற்று. அக்காவின் கணவர், செக்ரடேரியட்டில் பேனா பிடித்தே பெயர் வாங்கியவர். பேனாவே பிடிக்க முடியாவிட்டால் உத்தியோகம் என்ன ஆவது? ஒக்கலிபுரம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் கேட்டார்: "சார் பிரஸ்ல வேலையா? பேட்டரி ஃபாக்டரியா? பெயின்ட் வேலையா?"

எதுவும் இல்லை. ஆனாலும் உடம்பு முழுக்கக் காரீயம்!

"கீலேஷன்னு ஒரு புது வைத்தியம் இருக்கு" என்றார். மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் இறக்குவார்களாம். அது நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி ஈயத்தைக் கவ்வி, சிறுநீர் வழியே வெளியே இழுத்துப்போய்விடுமாம். எனக்கு அத்திம்பேரைப் பார்க்கவே சிலிர்த்தது... உள்ளே எத்தனை நண்டோ!

ஐந்து நாள் ஏற்றினார்கள். ஈயம் வந்துகொண்டே இருந்தது. சில நாள் இடைவெளி விட்டு ரத்தம் எடுத்தால் – குறையவே இல்லை! "இவர் மனுஷரா, சுரங்கமா?" என்று டாக்டர் தலையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்து அக்கா சாப்பாட்டுக் கூடையோடு நுழைந்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அத்திம்பேர் தொடமாட்டார். மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்கப் பெருங்காயம் மணத்தது.

"இதேனம்மா?" என்று டாக்டர் கன்னடத்தில் விசாரித்தார்.

"ரசம், டாக்டர். ஈயச் சொம்புல வச்சாத்தான் இவருக்கு இறங்கும். எனக்கு அல்சர், புளியே ஆகாது. முழுச் சொம்பும் இவருக்குத்தான். பழைய பட்டுப்புடவையைப் போட்டு வாசல்ல வந்தவன்கிட்ட வாங்கினேன். புதுச் சொம்பு!"

சொம்பு லேபுக்குப் போயிற்று. சுத்த வெள்ளீயம் என்று சொல்லி விற்றதில் பெரும்பங்கு காரீயம்! புளித்தண்ணீர் கொதிக்கக் கொதிக்க அது ரசத்தில் இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் நர்ஸ் இறைக்க, மறுபக்கம் அக்கா ஊற்றிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியின் பிரியத்தோடு போட்டி போட எந்த மருந்தால் முடியும்?

"என் கையாலயே விஷம் வச்சுக் கொடுத்திருக்கேனே!" என்று அக்கா விம்மினாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. கூடவே பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது, இருமிச் சமாளித்தேன்.

சொம்புக்குத் தடை. மறுபடி பாட்டில், மறுபடி நண்டுகள். ரத்தம் தெளிந்தது. கை மட்டும் லேசில் மசியவில்லை.

போன வாரம் மணிக்கட்டு நிமிர்ந்தது! அக்கா எவர்சில்வர் டம்ளரில் நீட்டிய ரசத்தை அத்திம்பேர் வலது கையாலேயே வாங்கினார். அக்காவுக்குப் பொலபொலவென்று கண்ணீர். உத்தியோகம் பிழைத்தது என்று நான் பெருமூச்சு விட்டேன்.

அத்திம்பேர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணிற்று.

"கமலா... இதைக் குடிக்கறதுக்குக் கை தொங்கிண்டே இருந்திருக்கலாம்டி!"