கடைசி ஃபிரேமுக்கு வந்த பூஜ்யம்

அந்த மில்லிலிருந்து முதலில் வந்தது புகார் அல்ல, பாராட்டு.

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் நான் ஃபீல்டு இன்ஜினியர். நூற்பு மில்களில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்களில் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று மேனேஜர் தன் அறையில் இருந்தே பார்க்கும்படி கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுப்போம். அவிநாசிப் பக்கத்து மில் மேனேஜர் போன் செய்தார். வரிசையின் கடைசி ஃபிரேம் அடிக்கடி நிற்பதைத் திரை காட்டிக்கொடுத்துவிட்டதாம். அந்த ஃபிரேமைக் கவனித்துக்கொண்ட பெண்ணை, ஷிப்டில் இருந்த எல்லோரும் வேடிக்கை பார்க்க நிறுத்திவைத்து விசாரித்து, வேலையைவிட்டு அனுப்பியாயிற்றாம். எங்கள் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸுக்கே போண்டா வாங்கிக் கொடுத்தார். நானும் தின்றேன்.

பிறகு பிரிண்டர் ரிப்பேர் என்று அங்கே போனபோது கேட்டில் ஓர் அம்மா என்னை மறித்தார். பெயர் ருக்மணி. வேலையைவிட்டு அனுப்பப்பட்ட பெண் இவர்தான். கடைசி ஃபிரேமில் சைடர், அதாவது அறுந்த இழையைப் பிணைத்தபடி மெஷினோடு நடக்கும் ஆள்.

"ஏனுங்க, நானு மிசினை நிறுத்தவே இல்லீங்க. உங்க பொட்டிகிட்ட இன்னொருக்கா கேட்டுப் பாருங்க."

உள்ளே போனேன். கடைசி ஃபிரேமில் இப்போது வேறொரு பெண். மெஷின் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு மேனேஜர் அறைக்கு வந்தேன். நான் நின்றிருந்த அதே நேரத்தில் மெஷினும் நின்றிருந்ததாகத் திரை சொன்னது. பிரிண்டரை அப்படியே விட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பினேன்.

மெஷின்களின் சிக்னலை வாங்கும் கார்டை இயக்க டிரைவர் என்ற புரோகிராம் உண்டு; அதை எழுதியவர் எங்கள் ஆபீஸ் முருகேசன். கெட்டிக்காரர், ஆனால் அதுவரை சாதாரண புரோகிராம்களே எழுதியவர். அவற்றில் கேட்டது கிடைக்காவிட்டால் மைனஸ் ஒன்று திரும்பி வரும், அதை மட்டும் சோதித்தால் போதும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் ஓடும் டிரைவரில் அப்படி இல்லை. பிழையின் எண்ணே மைனஸ் போட்டுக்கொண்டு திரும்பும். கடைசி ஃபிரேமுக்குப் போன கேபிள்தான் இருப்பதிலேயே நீளம். மோட்டார்களுக்கு நடுவே போனதில் சிக்னல் கெட்டு, கார்டைப் படிக்கும் ஃபங்ஷன் 'மைனஸ் ஐந்து, படிக்க முடியவில்லை' என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. முருகேசன் பழக்க தோஷத்தில் மைனஸ் ஒன்றா என்று மட்டும் பார்த்திருந்தார். டிரைவர் மைனஸ் ஐந்தை நல்ல பதில் என்று எடுத்துக்கொண்டு, படித்தது வந்து சேர வேண்டிய இடமான பஃபரை, அது காலியாகக் கிடந்தும், மேலே அனுப்பியது. அதில் இருந்தது பூஜ்யம். பூஜ்யம் என்றால் மெஷின் நிற்கிறது என்று நாங்களே வைத்திருந்தோம்.

திருத்தம் ரொம்பச் சின்னது. பூஜ்யத்துக்குக் கீழே எது வந்தாலும் பிழை, அதை அப்படியே மேலே அனுப்பு, திரையில் 'தெரியவில்லை' என்று காட்டு. எழுதி முடித்த முருகேசன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன். நேரே போய் மேனேஜரிடம் எங்கள் தப்பு என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் நாளையில் இருந்து சத்தமில்லாமல் வேலைக்கு வந்துவிடட்டும் என்றார் மேனேஜர். நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு நான்தான் ருக்மணி அம்மா வீட்டுக்குப் போனேன். அவர் காபி கொடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"எல்லாத்து முன்னாடியும் நிக்க வெச்சுத்தானுங்க திருடியாட்ட அனுப்பிச்சாங்க. தப்பு எம்மேல இல்லைன்னும் அதே எடத்துல சொல்லிப்போடச் சொல்லுங்க. வாரேன்."

இதைப் போய்ச் சொன்னதும் மேனேஜர் சிரித்தார்.

"அது மட்டும் ஆகாதுங்க. கம்ப்யூட்டரு தப்புன்னு நானே ஷிப்டு முன்னால சொன்னா, அப்பறம் அது சொல்றத எவனுங்க நம்புவான்?"

கூட வந்திருந்த முதலாளி சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்தார். அந்தக் குழுமத்தின் இன்னொரு மில்லிலும் எங்கள் கம்ப்யூட்டரை மாட்டுவதாகப் பேச்சு இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை நான் எங்கே கொட்ட?

கெர்னல் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கூப்பிட்ட ஃபங்ஷன் என்ன திருப்பித் தருகிறது, பிழையை எப்படிச் சொல்கிறது என்று படித்துவிட்டு அதைச் சோதிக்கும் if வரியை எழுதுங்கள். பிழை வந்தால் விழுங்காதீர்கள், உங்களைக் கூப்பிட்டவரிடம் பிழை என்றே சொல்லுங்கள். டிரைவரில் அதை அன்றே சரிசெய்தோம்.

ருக்மணி அம்மா திரும்ப வரவில்லை. தொண்டாமுத்தூரில் தம்பி வீட்டோடு போய், காய்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த மில்லில் அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் இன்றும் மெஷினை நிறுத்திப்போட்டு நின்றவர்தான்.