கண்டிப் பக்கம் பார்த்த தொலைநோக்கி

மாத்தளையில் மோட்டார் எரிந்துபோனால் ஸஜ்ஜாதிடம்தான் கொண்டுபோவார்கள். தண்ணீர்ப் பம்பு, மிளகாய் அரைக்கிற மெசின், மேசை விசிறி எதுவானாலும் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி ஓடவைத்துவிடுவார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கிருந்த ஒரே கெட்ட பெயர் மோட்டாரால் வந்ததல்ல, சந்திரனால் வந்தது.

மூன்று வருடத்துக்கு முன், நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் அந்தியில், பெருநாள் பிறையைக் கண்டேன் என்று பள்ளிவாசலில் போய்ச் சொன்னார். பெருநாள் பிறைக்கு இரண்டு பேர் சாட்சி வேண்டும். இரண்டாவது ஆள் அகப்படவில்லை. ஊர் முப்பதாவது நோன்பையும் பிடித்தது, அவர் 'பிறை ஸஜ்ஜாத்' ஆனார். கடைக்கு வருகிறவர்கள் பட்டப்பகலில் வானத்தைக் காட்டி, "ஸஜ்ஜாத் நானா, ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்ட பிறகுதான் பம்பை ஆட்டோவிலிருந்து இறக்குவார்கள். பொய்யன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். பாவம், கண் ஏமாற்றியிருக்கும் என்று இரக்கப்பட்டார்கள். இரக்கத்தோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

அதனால்தான் இந்த வருடம் தொலைநோக்கி வாங்கினார். தன் கண்ணை ஊர் நம்பாவிட்டால் போகட்டும், ஊரின் கண்ணிலேயே பிறையைப் போட்டுவிடுவது என்று முடிவு. வெளிநாடு போகவிருந்த கண்டி டாக்டர் ஒருவரிடம் பழையதாகக் கிடைத்தது. கீழே மோட்டார் பூட்டிய தாங்கி, கையில் பிடிக்க ஒரு ரிமோட். எதைப் பார்க்க வேண்டுமோ அதன் பெயரை அமுக்கினால் குழாய் தானே திரும்பிக் காட்டும். "ரெண்டு வருசமாத் தொடல்ல. மோட்டார் எப்படியிருக்கோ தெரியாது" என்றார் டாக்டர். மோட்டார்தானே என்று ஸஜ்ஜாத் சிரித்தார்.

ஆங்கிலப் புத்தகத்தை வாசித்துச் சொன்னவர் பக்கத்து போன் கடை சசிக்குமார். தாங்கியை மட்டமாக வைக்க வேண்டும், குழாயை வடக்கே பார்க்கவிட வேண்டும், திகதி, நேரம், ஊர் கொடுக்க வேண்டும். நோன்பின் ஐந்தாம் நாள் மொட்டைமாடியில் திசைகாட்டி வைத்து எல்லாம் செய்து, ஸஜ்ஜாத் 'சந்திரன்' என்று அமுக்கினார். மேற்கே பிறை பளிச்சென்று நின்றது. குழாயோ முனகிக்கொண்டே தெற்கே திரும்பி, கண்டிப் பக்கத்தைப் பார்த்து நின்றது.

மறுநாள் மோட்டாரைக் கழற்றினார். துடைத்து, எண்ணெய் விட்டுப் பூட்டினார். கண்டி. பல்லுச் சக்கரத்துக்குக் கிறீஸ் பூசினார். கண்டி. சசிக்குமார் புது பற்றரி போட்டுப் பார்த்தார். திகதியில் மாதத்தை முதலில் எழுத வேண்டும் என்று கண்டுபிடித்து அதையும் திருத்தினார். அப்போதும் கண்டிதான்.

"நானா, பழுதான சாமான் தெனம் ஒரே எடத்துக்கா போகும்?" என்றார் சசிக்குமார். "இதுக்குக் கண்டியில சொந்தக்காரங்க இருக்காங்க போல."

"மோட்டாரப் பத்தி நீ எனக்குப் படிச்சித் தாறியா?"

"ஐயோ, இல்லீங்க நானா. சும்மா கேட்டேன்."

அது சும்மா கேட்ட கேள்வியல்ல. ஆனால் முப்பது வருடம் மோட்டார் பார்த்தவருக்கு உலகத்திலுள்ள பழுதெல்லாம் மோட்டார் பழுதுதான். மூன்றாவது தடவையும் கழற்றினார்.

இருபத்தொன்பதாம் நாள் வந்தது. பள்ளிவாசல் தலைவர் றஹீம் ஹாஜியாரும் இன்னொரு நிருவாகியும் மாடிக்கு வந்து, ஈச்சம்பழத்தோடும் கஞ்சியோடும் அங்கேயே நோன்பு திறந்தார்கள். வேடிக்கை பார்க்க சசிக்குமாரும் வந்திருந்தார். பிறை நிற்கப்போவது இருபது நிமிடம். ஸஜ்ஜாத் பிஸ்மி சொல்லி அமுக்கினார்.

ஹாஜியார் குனிந்து கண்ணை வைத்தார். "மாஷா அல்லாஹ், நல்லாத் தெரியுது."

"பிறையா?"

"தண்ணி டேங்க். காகம் ஒண்டும் குந்திட்டிருக்கு."

ஸஜ்ஜாத் ரிமோட்டின் அம்புக்குறியை அமுக்கிப் பிடித்து மேற்கே திருப்பப் பார்த்தார். குழாய் நத்தைபோல் ஊர்ந்தது. நிருவாகிகள் இருவரும் முறைபோட்டு, நகர்ந்துபோகும் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சசிக்குமார் ஸஜ்ஜாதின் தோளைத் தொட்டார். "நானா, அங்க பாருங்க."

தென்னைகளுக்கு மேலே, நகம் வெட்டிப் போட்டதுபோல், பிறை.

"ஹாஜியார்! அந்தா! தென்னைக்கு மேல!"

ஹாஜியார் கண்ணை இன்னும் அழுத்தி வைத்தார். "எங்க? இதுல தென்னையே இல்லையே."

அவர் தலையை நிமிர்த்துவதற்குள் மேகம் வந்துவிட்டது. எல்லோரும் மேகத்தைப் பார்த்தார்கள்.

"நான் பாத்தேங்க, ஹாஜியார்" என்றார் சசிக்குமார்.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, தம்பி. ஆனா பிறைக்கு முஸ்லிம் ஆள்ட சாட்சிதான் எடுப்போம், ஒங்கட சாட்சிய எழுத ஏலாதே." ஹாஜியார் ஸஜ்ஜாத் பக்கம் திரும்பினார். குரலில் அந்தப் பழைய இரக்கம். "நீங்க கண்டீங்களா, ஸஜ்ஜாத்?"

கண்டேன் என்றால் மறுபடியும் தனி ஆள். காணவில்லை என்றால் பொய், அதுவும் ரமழானில்.

"மெசின் சரியில்ல, ஹாஜியார்" என்றார்.

பதில் இல்லாத அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு அவர்கள் இறங்கிப் போனார்கள். சசிக்குமாரும் கூடவே போனார்.

ஒரு மணி நேரத்தில் கொழும்பிலிருந்து அறிவிப்பு வந்தது. வேறு ஊர்களில் கண்டிருக்கிறார்கள், நாளை பெருநாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் முழக்கம் தொடங்கியது. ஹாஜியார் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "மெசின் இல்லாத ஊர்ல எல்லாம் கண்டுட்டாங்களே!" என்று சிரித்தார். ஸஜ்ஜாதும் சிரித்தார்.

மனைவி றஸ்மியா கஞ்சிக் கோப்பைகளை எடுக்க வந்தவள், தாங்கியின் காலடியில் கிடந்த, மினாரா அடையாளம் போட்ட சிறிய திசைகாட்டியைக் கண்டாள். மக்காவிலிருந்து அவளுடைய தம்பி தொழுகை விரிப்போடு கொண்டுவந்தது.

"இது எப்படி மாடிக்கு வந்திச்சி?"

"வடக்குப் பாக்கத்தான் எடுத்தேன்."

"இந்த மினாரா காட்டுற பக்கத்தையா வடக்குன்னு வச்சீங்க? அது கிப்லாங்க!"

ஸஜ்ஜாத் திசைகாட்டியை வாங்கிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அவருக்குத் திசைகாட்டி காட்டியது ஒரே திசையைத்தான், மேற்கே மக்காவைப் பார்த்துத் தொழும் திசையை. அது இன்னொன்றையும் காட்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. மேற்கை வடக்கு என்று கொடுத்தால் மெசினுக்குத் தெற்குத்தான் மேற்கு.

"வடக்கு அந்தா, தம்புள்ளை ரோட்டுப் பக்கம்" என்றாள்.

தாங்கியை அந்தப் பக்கம் திருப்பி வைத்து, 'சந்திரன்' அமுக்கினார். குழாய் அசையவில்லை. சிறிய திரையில் எழுத்து வந்தது. சந்திரன் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டதாம். மெசின் முதல்தடவையாகச் சரியாகச் சொன்னது.

அப்படியானால், பொய்யாகிவிடக் கூடாதே என்று சற்று முன் பார்த்துப் பார்த்துச் சொன்ன 'மெசின் சரியில்ல' என்ற அந்த ஒரு வார்த்தைதான் பொய்.

"நீங்க கண்டீங்களா?" என்று கேட்டாள் றஸ்மியா.

"கண்டேன்."

"அப்ப ஹாஜியாருக்குச் சொல்லுங்களேன்."

"இனிச் சொல்லி?"

அவள் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு இறங்கினாள். ஸஜ்ஜாத் ரிமோட்டை மறுபடி ஒருமுறை அமுக்கினார். அதே எழுத்துத்தான் வந்தது.